பாலாற்றில் சேரும் கால்வாயில் குப்பை மிதவை: அளவுகள், உடைந்த இடங்கள், செலவு

கால்வாயில் மிதந்து வரும் குப்பையைத் தடுத்துக் கரையோரக் கூண்டுக்குள் ஒதுக்கும் குழாய் மிதவை ஒன்றைக் கட்டியிருக்கிறோம். வெள்ளத்தில் அறுந்துபோக வேண்டிய கயிறு மட்டும் அறுந்தது. மிதவை கரையோரம் ஒதுங்கிப் படுத்துக்கொண்டது. கரையில் நட்ட முளை அசையவில்லை, கூண்டும் நின்ற இடத்தில் நின்றது. ஐப்பசி அடைமழையில் கால்வாய் கரை தொட்டு ஓடி வடிந்தபிறகு, ஒரு முழம் புதுக் கயிறு கட்டியதோடு பராமரிப்பு வேலை முடிந்தது. இதற்கு முந்தைய அமைப்புகள் இதைவிடச் சின்ன மழைக்கே பிய்ந்து போனவை. எது ஏன் போனது, இப்போது நிற்பது எப்படிக் கட்டியது என்பதை அளவோடு இங்கே எழுதி வைக்கிறோம். வேலூர், காட்பாடி, ஆம்பூர், குடியாத்தம், ராணிப்பேட்டை என்று பாலாற்றையும் அதன் துணையாறுகளையும் ஒட்டிய எந்த ஊரிலும் இதைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்துக் கட்டிக்கொள்ளலாம்.

கடற்கரைக் குப்பைக்கு வேலூரில் எதற்கு மிதவை என்று கேட்பவர்கள் பாலாற்றின் போக்கைப் பார்க்க வேண்டும். இங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடி, சதுரங்கப்பட்டினத்துக்குத் தெற்கே வயலூர் அருகே ஆறு கடலில் சேர்கிறது. வருஷத்தில் பெரும்பாலான நாள் அது வெறும் மணல். கால்வாய்கள் கொண்டுவந்து தள்ளும் பை, பாட்டில், பாக்கெட் எல்லாம் அந்த மணலில் கிடந்து கோடை முழுக்கக் காய்கிறது. வெயிலில் காய்ந்த பாலித்தீன் பையைக் கையில் எடுத்தால் செதில் செதிலாக உதிரும். பிறகு ஒரே வெள்ளத்தில் அத்தனையும் கிளம்பிப் போகிறது. 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு ஓடியது எல்லோருக்கும் நினைவிருக்கும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் நம் கரையோரக் கடல் நீரோட்டம் தெற்கு நோக்கி ஓடுகிறது. முகத்துவாரத்தில் இறங்கும் குப்பை மரக்காணம், புதுச்சேரி பக்கம் இழுபடும். அதற்கும் தெற்கே இருப்பது கோடியக்கரைச் சரணாலயம்.

கரையில் ஒதுங்கியபின் அள்ளுவது எவ்வளவு கஷ்டம் என்பதை, ஆமை முட்டையிடும் கரையில் ஒருமுறை குனிந்து பொறுக்கியவர்களுக்குத் தெரியும். பங்குனி ஆமை ஜனவரி முதல் ஏப்ரல் வரை கரையேறுகிறது. அதன் குழி சுமார் ஒன்றரை அடி ஆழம், முட்டை பொரிய 45 முதல் 60 நாள். அந்தக் காலத்தில் டிராக்டரோ மணல் சலிக்கும் இயந்திரமோ அங்கே இறக்கவே கூடாது. மணல் இறுகினால் குஞ்சு மேலே வர முடியாது. கையால்தான் பொறுக்க வேண்டும். பொறுக்குவதும் மணலோடு கலந்த, உப்பில் ஊறிய, வலைத்துண்டோடு பின்னிக்கொண்ட நொறுக்குகள். 6 மீட்டர் அகலக் கால்வாயில் பை முழுப் பையாக இருக்கும்போது பிடிப்பது இதைவிடப் பல மடங்கு சுலபம்.

இடமும் வேகமும்

எங்கள் கால்வாய் அகலம் 6 மீட்டர். சாதாரண நாளில் முக்கால் அடித் தண்ணீர், நல்ல மழையில் 3 அடி. ஆற்றில் சேருமுன் ஒரு வளைவு இருக்கிறது. வளைவில் மேல்தண்ணீர் வெளிக்கரைப் பக்கம் தள்ளும், மிதக்கும் குப்பையும் தானே அங்கு ஒதுங்கும். அதனால் கூண்டு வெளிக்கரையில்தான் வர வேண்டும். உள்கரையில் வண்டி நிறுத்த வசதி இருந்தாலும் அங்கே வைக்காதீர்கள், குப்பையை வம்பாக எதிர்ப்பக்கம் இழுக்க வேண்டியிருக்கும்.

வேகம் அளக்க ஒரு பாட்டிலில் பாதித் தண்ணீர் ஊற்றி மூடி, 10 மீட்டர் தூரம் மிதக்கவிட்டு நேரம் பார்த்தால் போதும். சாதாரண நாளில் 20 நொடி, அதாவது நொடிக்கு அரை மீட்டர். மழையில் 7 நொடி, நொடிக்கு 1.4 மீட்டர். மற்ற எல்லாக் கணக்கும் இந்த இரண்டு எண்ணிலிருந்துதான் வருகிறது.

அனுமதியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நீர்வளத் துறை, உள்ளாட்சி இரண்டு இடத்திலும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: வெள்ளத்தில் இது கால்வாயை அடைத்தால் என்ன செய்வீர்கள்? மிதவை எந்த இழுப்பில் தானாகத் திறந்துகொள்ளும், திறந்தபின் எந்தக் கரையில் ஒதுங்கும் என்று ஒரு பக்க வரைபடத்தில் காட்டினால் பேச்சு சுருக்கமாக முடியும்.

குறுக்கே கட்டினால் ஏன் நிற்கவில்லை

கரைக்குக் கரை நேர்குறுக்காகக் கட்டியதுதான் முதல் அமைப்பு. நடுப்பகுதி வளைந்து தொய்ந்தது. குப்பை முழுவதும் அந்தத் தொய்வில் சேர்ந்தது. கரையிலிருந்து நீட்டும் வாரி (குப்பை வாரும் கருவி) எட்டவில்லை. சேர்ந்த குப்பை கனமாக, அடியில் புகுந்த தண்ணீர் எல்லாவற்றையும் மிதவைக்குக் கீழே உருவிக்கொண்டு போயிற்று. எண்ணெய்க் கசிவுக்குப் போடும் மிதவைகளில், நேராக மோதும் வேகம் நொடிக்கு 0.35 மீட்டரைத் தாண்டினால் எண்ணெய் அடியில் நுழைந்துவிடும் என்பார்கள். குப்பைக்கும் அந்தக் கணக்கு ஏறத்தாழப் பொருந்தியது. அரை மீட்டர் வேகத்துக்கு நேர்குறுக்கு தாங்காது.

நீரோட்டத்துக்கு 30 பாகை சாய்த்துக் கட்டினால் மோதும் வேகம் பாதியாகிவிடும். அரை மீட்டர் கால் மீட்டராகிறது. குப்பை மோதி நிற்காமல் மிதவையை ஒட்டி வழுக்கிக்கொண்டே கூண்டுக்குப் போகிறது. 6 மீட்டர் அகலத்துக்கு 30 பாகை என்றால் மிதவை நீளம் 12 மீட்டர். செலவு இரட்டிப்புதான், ஆனால் இதில் குறுக்குவழி இல்லை. 1.4 மீட்டர் வேகத்தில் சாய்வுக்கும் பலன் குறைகிறது. உச்ச வெள்ளத்தில் ஒரு பங்கு அடியில் போகத்தான் செய்யும். ஆனால் குப்பையில் பெரும்பங்கு வருவது வெள்ளம் ஏறத் தொடங்கும்போது. முதலில் பழுப்பு நுரை, அதன் பின்னாலேயே தெருத்தெருவாகச் சேர்ந்து கிடந்தது எல்லாம் வரும். அந்த முதல் தள்ளலைப் பிடித்தால் போதும்.

மிதவை

110 மில்லிமீட்டர் பிவிசி குழாய், 4 கிலோ அழுத்தத்துக்கான விவசாயக் குழாய், 6 மீட்டர் நீளத்தில் இரண்டு. 2 மீட்டராக அறுத்தால் 6 துண்டு. ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு எண்ட் கேப் (முனை மூடி). குழாய் மீட்டருக்கு 9.5 லிட்டர் தண்ணீரை விலக்கும், அதன் எடை மீட்டருக்கு 1.2 கிலோ. வலையும் சங்கிலியும் சேர்ந்து இன்னும் ஒரு கிலோ சொச்சம். எல்லாம் சேர்த்து 2 மீட்டர்த் துண்டு 5 கிலோவைச் சுற்றி நிற்கும். குழாயில் மூன்றில் ஒரு பங்கு உயரம் தண்ணீருக்குள், மீதி 7 சென்டிமீட்டர் வெளியே.

குழாய்க்குள் தண்ணீர் ஏறுவதுதான் பெரிய தொல்லை. காரணம் சூடு. கால்வாய் வற்றியிருக்கும்போது குழாய் வெயிலில் கிடந்து சுடுகிறது, உள்ளே காற்று விரிகிறது. திடீர் மழைத் தண்ணீர் பட்டதும் காற்று சுருங்கி, கேப் ஒட்டிய இடத்தில் ஊசித் துளை இருந்தாலும் தண்ணீரை உறிஞ்சிக்கொள்கிறது. குழாய் முனையையும் கேப்பின் உட்புறத்தையும் உப்புத்தாளால் தேய்த்து, துடைத்து, சால்வென்ட் சிமென்டை இரண்டு பக்கமும் பூசி, கால் சுற்று திருப்பி அழுத்தி அரை நிமிடம் பிடிக்க வேண்டும். ஒரு நாள் விட்டு, குழாயைக் காலை நிழலில் இருந்து நடுப்பகல் வெயிலில் வைத்துச் சூடேற்றி, தொட்டித் தண்ணீரில் முனையை அமுக்கிப் பார்த்தால் குமிழி காட்டிக்கொடுக்கும்.

இதற்கு மேலும் ஒரு காப்பு செய்தோம். கேப் ஒட்டுமுன் ஒவ்வொரு துண்டுக்குள்ளும் மூடி இறுக்கிய காலி 1 லிட்டர் பாட்டில் 7 செருகினோம். குழாயில் முழுக்கத் தண்ணீர் ஏறினாலும் அந்த 7 லிட்டர் காற்று துண்டை மூழ்கவிடாது. தெர்மோகோல் திணிப்பதை யாரும் செய்ய வேண்டாம். குழாய் உடைந்தால் அந்த வெள்ளை மணிகள் அத்தனையும் ஆற்றுக்குத்தான் போகும். குழாய்க்கு வெளியே வெள்ளை எனாமல் இரண்டு கை அடித்தால் சூடும் குறையும், பிவிசி வெயிலில் நொறுங்குவதும் தள்ளிப்போகும்.

துண்டுகளை இணைக்க, முதலில் எண்ட் கேப்பில் துளையிட்டு ஐபோல்ட் (வளையத் தலை போல்ட்) மாட்டியிருந்தது. இழுவிசை முழுக்கக் கேப்பின் ஒட்டில் விழுந்து, கேப் கையோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. குழாய் மிதக்க மட்டும்தான், இழுப்பைக் கயிறுதான் தாங்க வேண்டும். இப்போது 12 மில்லிமீட்டர் பாலிப்ரொப்பிலீன் கயிறு ஒன்று முழு நீளத்துக்கும் குழாய்களின் அடியில் ஓடுகிறது. இந்தக் கயிறு தண்ணீரில் மிதக்கும், புதிதாக இருக்கையில் சுமார் 2 டன் தாங்கும். நைலான் கயிறு தண்ணீர் குடித்து நீளும், வேண்டாம். குழாயில் எங்கும் துளை போடவில்லை. 25 மில்லிமீட்டர்க் கண் உள்ள கெட்டியான பிளாஸ்டிக் வேலி வலையைக் குழாயையும் கயிற்றையும் சேர்த்துச் சுற்றி, 15 சென்டிமீட்டருக்கு ஒரு முடிச்சாக ஸ்டெயின்லெஸ் கம்பியால் தைத்து, மீதி 20 சென்டிமீட்டர் கீழே தொங்க விட்டோம். வெள்ளைக் கேபிள் டை ஒரு கோடைக்கே உளுத்துப்போய் விரலால் நெரித்தால் உடைகிறது. உடைந்த துண்டும் குப்பையாகிறது.

தொங்கு வலைக்குப் பச்சை நிழல்வலை ஆகாது. சேறும் பையும் ஒட்டிக் கண் அடைந்ததும் அது பாய்மரம் மாதிரி தண்ணீரை வாங்கி மொத்த மிதவையையும் இழுக்கிறது. நூல் வலையும் ஆகாது. தண்ணீர்ப் பாம்பு தலையை நுழைத்து மாட்டிச் சாகும். கெட்டி வலையில் இதுவரை அப்படி எதுவும் மாட்டவில்லை. வலையின் அடிக்கும் கால்வாய்த் தரைக்கும் இடையில் மீன் போக வழி இருக்க வேண்டும். முக்கால் அடித் தண்ணீரில் எங்கள் 20 சென்டிமீட்டர் தரையைத் தொட்டுவிடும், வற்றுக்காலத்து ஆழத்தைப் பார்த்து இதைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

அடிப்பாரத்துக்கு 8 மில்லிமீட்டர்க் கம்பி கட்டிப் பார்த்ததில், மிதவை வளையும் இடத்தில் கம்பி வளையாமல் வலையைக் கிழித்தது. 6 மில்லிமீட்டர் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) சங்கிலி, மீட்டருக்கு முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் மேல், சரியாக அமைந்தது. துண்டுக்கும் துண்டுக்கும் நடுவில் உள்ள சந்தில் பாக்கெட்டுகள் நழுவும். பழைய லாரி டியூபை ஒரு அடி நீளம் வெட்டி இரண்டு பக்க வலையிலும் போல்ட் போட்டு மூடியாயிற்று. பஞ்சர் கடைகளில் கிழிந்த டியூப் சும்மாவே கிடைக்கும்.

முளை, வளையம், அறுபடும் கயிறு

இரண்டு கரையிலும் 2 அங்குல ஜிஐ குழாய், 3 மீட்டர். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி, 3 அடி ஆழக் குழியில் கான்கிரீட். மேலே 2 மீட்டர் நிற்கும். தண்ணீர் ஏற இறங்க மிதவை முனையும் ஏறி இறங்க வேண்டும். சற்றே பெரிய குழாய்த் துண்டை அதன்மேல் சறுக்க விட்டால் மண்ணும் நூலும் சிக்கி இறுகிவிடுகிறது. தண்ணீர் ஏறும்போது முனை மட்டும் அடியிலேயே நின்று குப்பை மேலே வழிகிறது. கிரீஸ் போட்டாலும் அதில் மண்தான் ஒட்டும். 8 மில்லிமீட்டர்க் கம்பியை 15 சென்டிமீட்டர் விட்டத்துக்கு வளைத்துப் பற்றவைத்த தளர்ந்த வளையம் சிக்காமல் ஓடுகிறது.

அறுபடும் கயிறு கூண்டுப் பக்க முனையில், வளையத்துக்கும் பெரிய கயிற்றுக்கும் நடுவில் வருகிறது. வேகம் இரண்டு மடங்கானால் இழுவிசை நான்கு மடங்கு. எங்கள் கணக்கில் வலை முழுக்க அடைந்த நிலையில் அரை மீட்டர் வேகத்துக்கு 22 கிலோ, 1.4 மீட்டர் வேகத்துக்கு 170 கிலோ. தொய்வு குறைவாக இருந்தால் முனையில் அதைவிடக் கூடும். 4 மில்லிமீட்டர் பாலிப்ரொப்பிலீன் கயிறு புதிதில் 200 கிலோவுக்கு மேல் தாங்கும், முடிச்சுப் போட்ட இடத்தில் பலம் ஏறக்குறையப் பாதி. ஆக 100 கிலோவைத் தாண்டி எங்கோ அறும். அறுந்ததும் மிதவை எதிர்க்கரை முளையைச் சுற்றித் திரும்பி அந்தக் கரையோரமாகப் படுத்துவிடும், கால்வாய் திறந்துவிடும். பிடித்த குப்பையில் மிதவை மேல் இருந்தது போய்விடும், கூண்டில் உள்ளது தங்கும். தேங்காய் நார்க் கயிறு இந்த இடத்துக்கு உதவாது. ஊறி ஊறி அதன் பலம் வாரத்துக்கு ஒரு மாதிரி இருக்கும், வெறும் தூறலுக்கே அறும். 4 மில்லிமீட்டர்க் கயிற்றையும் மாதம் ஒருமுறை மாற்றிவிடுங்கள். முடிச்சு மாறக்கூடாது, முடிச்சு மாறினால் அறும் இழுப்பும் மாறும்.

கூண்டு

35க்கு 35, 5 மில்லிமீட்டர் ஆங்கிளில் சட்டம். நீளம் 1.2 மீட்டர், அகலம் 1, உயரம் 0.9. வாய்ப் பக்கம் முழு உயரத்துக்கும் திறந்திருக்க வேண்டும். அப்போதுதான் முக்கால் அடியிலும் 3 அடியிலும் குப்பை உள்ளே வரும். மற்ற மூன்று பக்கமும் அடியும் ஓர் அங்குல வெல்டுமெஷ் (பற்றவைத்த கம்பி வலை). காட்பாடிப் பக்கத்து வெல்டிங் பட்டறையில் ஒரு நாள் வேலை. வெல்டுமெஷின் அறுத்த முனைகள் உள்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தால் கையுறையைக் கிழிக்கும், சட்டத்துக்கு வெளியே மடித்துவிடச் சொல்லுங்கள்.

கூண்டை அப்படியே தூக்கிக் கொட்டலாம் என்று மேலே கொக்கி வைத்தது வீண். ஈரக் குப்பையும் சேறும் சேர்ந்தால் நான்கு பேரால் அசைக்க முடியாது. மேல்பக்கத்தைத் திறந்துவைத்து, 8 பல் இரும்பு வாரிக்கு 3 மீட்டர் மூங்கில் கைப்பிடி போட்டுக் கரையிலிருந்தே வாருவதுதான் நடைமுறை. யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது, அது சாக்கடை கலந்த தண்ணீர். முழங்கால் வரை கம்பூட், தடித்த ரப்பர் கையுறை, டெட்டனஸ் தடுப்பு (டிடி) ஊசி கட்டாயம். எலிக்காய்ச்சலுக்குப் பயப்பட வேண்டும். காலில் புண் உள்ளவர் அன்று வாரிப் பக்கம் வரவே வேண்டாம். வேலூர் ஆஸ்பத்திரி ஊர். மாத்திரை அட்டையும் குளுக்கோஸ் பாட்டிலும் நிறைய வருகின்றன, எப்போதாவது ஊசியும் வரும். குப்பையைக் கையால் பிரிக்காமல் நீள இடுக்கியால் எடுத்து, ஊசி கிடைத்தால் குத்து வாங்காத கெட்டி டப்பாவில் தனியாகப் போட்டு ஒப்படைக்க வேண்டும்.

ஒரு கூண்டைக் கரையில் கொட்டினால் மேலாக வருவது பால் பாக்கெட், தார்ப்பாய்த் துண்டு, ஒற்றைச் செருப்பு, மது டம்ளர். மாநில அரசு 2019 ஜனவரி 1 முதல் தடைசெய்த கைப்பை, தண்ணீர் பாக்கெட் இரண்டும் இன்னும் வருகின்றன. பாக்கு, ஷாம்பு சிறு பாக்கெட்டுகளின் வாய்க்குள் களிமண் நிரம்பிச் சின்னச் செங்கல் போல் கனக்கும். செருப்புத் தொழில் நடக்கும் ஊர்களின் பக்கமானால் ஃபோம் வெட்டுத்துண்டுகள் வரும். அடிப்பாகம் வெட்டியபின் மிஞ்சும், குதிகால் வளைவு தெரியும் ஓரத்துண்டுகள். அவை தண்ணீரில் தக்கையாக மிதப்பதால் எந்தத் தடையும் இல்லாமல் கடல் வரை போகக்கூடியவை. மிதவை இவற்றைத் தவறாமல் பிடிக்கிறது.

சேறு சேர்ந்ததை எடைபோட்டுப் பெருமைப்படக் கூடாது. கயிற்றில் உலர்த்தி உதறிவிட்டு எடை போட்டால் பாதிக்கும் கீழே வரும். பாட்டிலும் பால் பாக்கெட்டும் பழைய பொருள் கடைக்குப் போகும். பல அடுக்குப் பாக்கெட்டை யாரும் வாங்குவதில்லை. உலர்த்திக் கட்டி, சிமென்ட் ஆலைக்கு எரிபொருளாகப் போகும் குப்பையோடு சேர்க்க உள்ளாட்சியிடம் ஒப்படைக்கலாம். ஆகாயத்தாமரையை அன்றே பிரித்து வெயிலில் போடுங்கள். கூண்டில் விட்டால் பாதிக் கூண்டை அதுவே அடைத்துக்கொள்ளும்.

மழையில்லாத வாரத்தில் ஒருமுறை வாரினால் போதும். மழை நாளில் காலையும் மாலையும். கூண்டு நிரம்பினால் குப்பை மிதவை நெடுகத் தேங்கி, 4 மில்லிமீட்டர்க் கயிறு வேண்டாத நேரத்தில் அறும்.

செலவும் அடுத்த மாற்றமும்

மிதவைக்கு 6,500 ரூபாய்: குழாய் 2,200, எண்ட் கேப் 900, சங்கிலி 1,050, வலை 600, பெரிய கயிறு 520, மீதி பசை, கம்பி, ஷேக்கிள், போல்ட். முளைக்கும் கான்கிரீட்டுக்கும் 5,200. கூண்டுக்குக் கூலி, பெயின்ட் சேர்த்து 7,300. ஆக 19,000. வாரி, கம்பூட், கையுறைக்கு 2,500 தனி. இது ஒருமுறைச் செலவு. வாருகிறவர் கூலிதான் தொடர்ந்து வரும், அதற்கு ஏற்பாடு இல்லாமல் முதல் குழாயை வாங்கவே கூடாது. வாராத மிதவை கால்வாயில் இன்னொரு குப்பை.

அடுத்ததில் 160 மில்லிமீட்டர்க் குழாய். 110க்கு மேலே 7 சென்டிமீட்டர்தான் நிற்கிறது, காற்றடித்தால் தெர்மோகோலும் காலி பாட்டிலும் தாண்டிக் குதிக்கின்றன. மீட்டருக்கு 20 லிட்டர் விலக்கும் குழாய் என்றால் சங்கிலியையும் கொஞ்சம் கனமாகப் போட்டு வலையை நேராக நிறுத்தலாம்.

மிதவையால் பிடிக்க முடியாத ஒன்று அடியில் போகிறது. பாலித்தீனும் பாலிப்ரொப்பிலீனும் தண்ணீரைவிட லேசு, மிதக்கும். தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் (PET) பிளாஸ்டிக் தண்ணீரைவிட 1.38 மடங்கு கனம். மூடி இருக்கும்வரை மிதக்கிறது, மூடி போனதும் தரையோடு உருண்டு போகிறது. அதற்காக மிதவைக்கு 20 மீட்டர் மேலே, கால்வாய்த் தரையில் 12 மில்லிமீட்டர்க் கம்பிகளை 5 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்ட ஒரு தாழ்வான சீப்புத் தடுப்பு போட எண்ணம். உயரம் 15 சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது, வெள்ளம் அதன்மேல் தடையின்றி ஓட வேண்டும். கம்பிகளை நேராக நிறுத்தாமல் ஓட்டத்தின் திசையில் 45 பாகை சாய்த்து நட்டால் வாரியால் கரை நோக்கி இழுக்க வரும். கால்வாய் வற்றியிருக்கும் சித்திரை, வைகாசியில் கான்கிரீட் போட்டு, ஆடி மாத மாலை இடிமழையில் சோதித்துவிட்டால் ஐப்பசிக்கு முன் திருத்த நேரம் இருக்கும்.